பழைய மைஎஸ்க்யூஎல் பதிவேட்டைப் புது சர்வருக்கு மாற்றினால் தமிழ்ப் பெயர்களும் பர்மியப் பெயர்களும் உடைகின்றன: உதவி தேவை

யாங்கோன்_பதிவேடு:

அனைவருக்கும் வணக்கம். யாங்கோனில் எங்கள் சமூக அறக்கட்டளையின் குடும்பப் பதிவேட்டைப் புது சர்வருக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. யாங்கோன் மட்டுமில்லை, பகோ, தட்டோன், மோல்மேன் பக்கத்துக் குடும்பங்களும் இதில் உண்டு. ஆளுக்கொரு வரி: தமிழ்ப் பெயர், பர்மியப் பெயர், தகப்பனார் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தெரிந்தால் தமிழ்நாட்டுப் பூர்வீக ஊர். கல்யாணம் பேசும்போதும் பெரியவர்களின் காரியத்தின்போதும் சொந்தம் தேடி வருகிறவர்களுக்கு இதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். இதில் பெயர் கொடுத்த பலர் இன்று உயிரோடு இல்லை. அழிந்தால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது, அதனால்தான் அவசரப்படாமல் இங்கே கேட்கிறேன்.

பழைய சர்வரில் இருப்பது மைஎஸ்க்யூஎல் 5.1 என்ற தரவுத்தள மென்பொருள். அட்டவணை முழுக்க லத்தீன்1, அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம். அதன் மேல் ஒரு பிஎச்பி பக்கம். அந்தப் பக்கத்தில் தமிழும் பர்மியமும் பெரும்பாலும் நன்றாகவே தெரிகின்றன. டம்ப் (முழுத் தரவும் ஒரே ஏற்றுமதிக் கோப்பாக) எடுத்து மைஎஸ்க்யூஎல் 8-இல் ஏற்றினால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம், தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ', அதை அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்று திரும்பத் திரும்ப வருகின்றன. பர்மியப் பெயர்களில் கோடு போட்ட 'ஏ'யும் யூரோ காசுக் குறியும். சில வரிகளில் எழுத்துக்கு நடுவே கேள்விக்குறி. சில வரிகளில் வெறும் கேள்விக்குறி மட்டும். இதுபோக, சில பர்மியப் பெயர்கள் பெரியவர்களின் பழைய போனில் சரியாகவும் பிள்ளைகளின் புது போனில் தாறுமாறாகவும் தெரிகின்றன. எங்கே தொடங்குவது?

விரைவுநிரல்:

அண்ணே, இது ரொம்ப சின்ன வேலை. ஆல்டர் டேபிள் போட்டு, கன்வெர்ட் டு கேரக்டர் செட் யுடிஎஃப்8எம்பி4 கொடுங்க. ஒரே கட்டளை, முழு அட்டவணையும் மாறிடும்.

பைட்பார்வை:

அந்தக் கட்டளையைத் தயவுசெய்து ஓட்டாதீர்கள். உங்கள் நிலைமையில் அது நோயை இரட்டிப்பாக்கும். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய பக்கம் ஏன் நன்றாகத் தெரிகிறது? உலாவி அனுப்பியது யுடிஎஃப்-8 பைட்டுகள், அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம். பிஎச்பி இணைப்பு தன்னை லத்தீன்1 என்று சொல்லிக்கொண்டது. அட்டவணையின் பத்தியும் (நெடுவரிசையும்) லத்தீன்1. இரண்டு பக்கமும் ஒரே பெயரைச் சொன்னதால் சர்வர் எதையும் மாற்றாமல் பைட்டுகளை அப்படியே வாங்கி வைத்தது, அப்படியே திருப்பித் தந்தது. உள்ளே இருப்பது நல்ல தமிழ்தான். பலகையில் எழுதியிருக்கும் பெயர்தான் தப்பு.

'த' என்ற எழுத்து யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டு: 224, 174, 164. கன்வெர்ட் கட்டளை சர்வரிடம் "இது லத்தீன்1, இதை மொழிமாற்று" என்கிறது. உடனே அது 224-ஐத் தனி எழுத்தாகவும் 174-ஐத் தனி எழுத்தாகவும் எடுத்து, ஒவ்வொன்றையும் மறுபடி யுடிஎஃப்-8 ஆக்கும். கிடைப்பது 195, 160, 194, 174, 194, 164. மூன்று பைட்டு ஆறாகிவிட்டது. நீங்கள் பார்க்கும் கோடு போட்ட 'ஏ' அந்த 224; வட்டத்துக்குள் 'ஆர்' அந்த 174. பர்மிய எழுத்துகள் 225, 128 என்று தொடங்கும். மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ்-1252 பட்டியல்; அதில் 128 யூரோக் குறி. அதனால்தான் உங்களுக்கு யூரோ தெரிகிறது.

உங்கள் டம்ப்பிலும் இதேதான் நடந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல்டம்ப் தானாகவே யுடிஎஃப்-8-இல் எழுதும். லத்தீன்1 பத்தியைப் படித்து அதை "மாற்றி"யே கோப்பில் எழுதியிருக்கும். டம்ப் கோப்பிலேயே இரட்டைக் குறியாக்கம் இருக்கிறது, புது சர்வர் மேல் குற்றமில்லை.

முதல் வேலை: பழைய சர்வரின் தரவுக் கோப்புகளை அப்படியே நகலெடுத்து, வேறொரு வட்டில் வைத்து, எழுத முடியாதபடி பூட்டுங்கள். யாங்கோன் மின்சாரத்தை நம்பி மூல அட்டவணையில் ஆல்டர் ஓட்டக் கூடாது. பாதியில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது: நகலில், ஹெக்ஸ் செயல்பாட்டைப் பெயர்ப் பத்தியின் மேல் ஓட்டிப் பைட்டுகளைப் பாருங்கள் (அது பதினாறடிமான எண்ணில் காட்டும், நான் இங்கே எழுதுவது பதின்மத்தில்). திரையில் தெரியும் எழுத்தை நம்பவே கூடாது. திரை, உலாவி, டெர்மினல், எக்செல் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒருமுறை மாற்றிக் காட்டும். ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்டு வந்தால் உள்ளே நல்லது. ஆறு, ஏழு என்று வந்தால் ஏற்கெனவே யாரோ ஒருமுறை இரட்டித்திருக்கிறார்கள்.

உள்ளே நல்லதாக இருந்தால் வழி இது: பத்தியை முதலில் பைனரி வகைக்கு மாற்றுங்கள். டெக்ஸ்ட் என்றால் பிளாப், வார்கேர் என்றால் வார்பைனரி. பைனரிக்கு மொழி கிடையாது, எனவே சர்வர் எதையும் மொழிமாற்றாது. பிறகு அதே பத்தியை யுடிஎஃப்8எம்பி4 என்று அறிவித்து மறுபடி எழுத்து வகைக்கு மாற்றுங்கள். பைட்டு ஒன்றுகூட அசையாமல் பெயர்ப்பலகை மட்டும் மாறும். டம்ப் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், இயல்புக் குறியாக்கம் லத்தீன்1 என்றும் செட் கேரக்டர் வரியை விட்டுவிடச் சொல்லியும் டம்ப் எடுங்கள். அட்டவணை வரையறையில் மட்டும் லத்தீன்1 என்பதை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கி ஏற்றுங்கள்.

'யுடிஎஃப்8' என்று மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயர் மூன்று பைட்டு வரைதான் தாங்கும். எம்பி4 வேண்டும்.

விரைவுநிரல்:

தமிழும் பர்மியமும் மூணு பைட்டுக்குள்ள அடங்கிடுதே, எம்பி4 எதுக்கு? இமோஜி போடப் போறாங்களா பதிவேட்டுல?

செட்டித்தெரு_பேரன்:

தம்பி, இமோஜிக்கு மட்டுமில்லை. பர்மாவில் நம் ஆட்கள் வைத்திருந்த பழைய கணக்கேடுகளில் பின்னக் குறிகளும் நெல் அளவைக் குறிகளும் பணக் குறிகளும் இருக்கும். முந்திரி, காணி, மா என்று எழுதிய அந்தக் குறிகள் 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12-இல்தான் 'தமிழ்க் கூடுதல்' என்று தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அவை நான்கு பைட்டு எழுத்துகள். நாளைக்கு யாராவது தாத்தாவின் ஏட்டைப் பார்த்து நில விவரத்தைக் குறிப்புப் பத்தியில் அப்படியே உள்ளிட்டால், மூன்று பைட்டுப் பத்தி அதை வாங்காது. எம்பி4 போடுங்கள், பின்னால் யாரும் திரும்ப இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

யாங்கோன்_பதிவேடு:

பைட்பார்வை ஐயா, மிக்க நன்றி. ஹெக்ஸில் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி பெரும்பாலான வரிகளில் மூன்று மூன்று பைட்டாகத்தான் இருக்கிறது. பைனரி வழியாக நகலில் மாற்றியதும் பெயர்கள் பளிச்சென்று வந்துவிட்டன. ஆனால் சில வரிகளில் 'தவறான சர மதிப்பு' என்று பிழை 1366 வந்து ஆல்டர் நின்றுவிடுகிறது. அந்த வரிகளைப் பார்த்தால் எல்லாமே நீளமான பெயர்கள்.

மோல்மேன்காரன்:

நீளமான பெயர் என்றதும் புரிந்துவிட்டது. அந்தப் பத்தி வார்கேர் 50 தானே? லத்தீன்1 கணக்கில் 50 எழுத்து என்றால் 50 பைட்டு. தமிழுக்கு எழுத்துக்கு மூன்று என்றால் 16 குறிகள் போக இரண்டு பைட்டு மிச்சம். பதினேழாவது குறியின் முதல் இரண்டு பைட்டு மட்டும் உள்ளே வந்து, மூன்றாவது வாசலிலேயே வெட்டுப்பட்டிருக்கும். அந்த அரைகுறை எழுத்தைத்தான் புது சர்வர் ஏற்க மறுக்கிறது.

16 என்பது கேட்க அதிகம் போலிருக்கும். ஆனால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். 'சுப்பிரமணியம்' என்ற ஒரே பெயருக்கே 13 வேண்டும்: ச, ு, ப, ், ப, ி, ர, ம, ண, ி, ய, அப்புறம் ம-வும் புள்ளியும். மொத்தம் 39 பைட்டு. அதற்கு முன்னால் தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால் முடிந்தது கதை.

மாற்றும் முன், பைட்டு நீளம் சரியாக 50 ஆக இருக்கும் வரிகளை எல்லாம் தனியே எடுத்துப் பட்டியல் போடுங்கள். கடைசியில் தொங்கும் ஒன்றிரண்டு பைட்டுகளை வெட்டினால் ஆல்டர் ஓடிவிடும். ஆனால் வெட்டுப்பட்ட பெயர் வெட்டுப்பட்டதுதான், அதை முழுப்பெயர் என்று விட்டுவிடாதீர்கள். பிழை வராத 50-பைட்டு வரிகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். ஆங்கிலமோ இடைவெளியோ கலந்து கணக்கு ஒத்துப்போய், வெட்டு எழுத்தின் எல்லையில் விழுந்திருக்கலாம். ரசீது அட்டவணை, நன்கொடை அட்டவணை என்று வேறு எங்காவது அதே ஆளின் பெயர் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: சர்வரின் கண்டிப்பு முறையைத் தளர்த்தி இந்தப் பிழையைத் தாண்டலாம் என்று சிலர் சொல்வார்கள். தளர்த்தினால் எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டுத் தரவைச் சிதைத்துக்கொண்டே போகும். பழைய பதிப்பில் அந்தக் கண்டிப்பு இயல்பாக இல்லாததால்தான் 50 பைட்டில் சத்தமில்லாமல் வெட்டியே இருக்கிறது. 5.7 வந்த பிறகுதான் அது இயல்பாயிற்று. நின்று போகும் பிழை நமக்கு நல்லது.

யாங்கோன்_பதிவேடு:

சரியாக அதேதான் அண்ணே, எல்லாமே 50. ரசீது அட்டவணையில் பாதிக்கு மேல் முழுப்பெயர் கிடைக்கிறது.

அடுத்து கேள்விக்குறி வரிகள். இரண்டு மாதிரி இருக்கின்றன. ஒன்று, பெயர் முழுக்க '???????' என்று. இன்னொன்று, 'முருகன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ம, கேள்விக்குறி, ர, கேள்விக்குறி, க, ன, கேள்விக்குறி. ஒரு காலத்தில் வேறொரு தன்னார்வலர் எழுதிய பைத்தான் நிரல் வழியாகப் பல வரிகள் உள்ளே ஏற்றப்பட்டன என்று கேள்வி. அவர் இப்போது வெளிநாட்டில்.

பைட்பார்வை:

முதல் மாதிரியை முதலில் சொல்லிவிடுகிறேன், மனசு கஷ்டப்பட வேண்டாம்: அவை போனது போனதுதான். இணைப்பு 'நான் யுடிஎஃப்-8' என்று உண்மையைச் சொல்லி, பத்தி லத்தீன்1 ஆக இருந்தால், தமிழ் எழுத்துக்கு லத்தீன்1-இல் இடமில்லை என்று சர்வர் ஒவ்வொன்றுக்கும் 63 என்ற பைட்டை, அதாவது உண்மையான கேள்விக்குறியையே, எழுதிவிடும். ஹெக்ஸில் எல்லாம் ஒரே பைட்டாக இருந்தால் அதிலிருந்து மீட்க எதுவுமில்லை. காகிதப் பதிவு, பழைய காப்பு நகல், குடும்பம், இந்த மூன்றுதான் வழி.

இரண்டாவது மாதிரி வேறு கதை. அதில் நிறைய மீட்கலாம்.

விண்டோஸ்-1252 பட்டியலில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. மைஎஸ்க்யூஎல் தன் லத்தீன்1-இல் அந்த ஐந்தையும் ஏதோ ஒன்றோடு பொருத்தி வைத்திருக்கிறது, அதனால் போய்த் திரும்பினாலும் இழப்பில்லை. அதே பட்டியலைப் பைத்தான் சிபி1252 என்கிறது, அது அப்படியில்லை. அந்த ஐந்தில் ஒன்று வந்தால் பிழை எழுப்பும். பிழையைப் 'பதிலீடு செய்' என்று சொல்லி அடக்கியிருந்தால் வேறு குறி போட்டு, எழுதும்போது கேள்விக்குறி ஆக்கிவிடும்.

இப்போது தமிழைப் பாருங்கள். புள்ளி: 224, 175, 141. உகரக் குறி: 224, 175, 129. 'ஏ': 224, 174, 143. 'ஐ': 224, 174, 144. நான்கும் காலி இடத்தில் விழுகின்றன. உங்கள் 'முருகன்' உடைந்திருப்பது சரியாக இரண்டு உகரத்திலும் ஒரு புள்ளியிலும். வேறு எந்தத் தமிழ் எழுத்தும் உடைந்திருக்காது, 'ௐ' ஒன்றைத் தவிர.

ஹெக்ஸில் பார்த்தால் அந்த இடத்தில் 224, 175, 63 என்று முதல் இரண்டு பைட்டு பிழைத்திருக்கும். 224, 175 முன்னால் இருந்தால் போனது புள்ளி அல்லது உகரம். 224, 174 முன்னால் இருந்தால் போனது 'ஏ' அல்லது 'ஐ'. எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும் ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் இரண்டே விடைதான். நல்ல நிலையில் இருக்கும் மற்ற பெயர்களிலிருந்து ஒரு பெயர்ப் பட்டியல் எடுங்கள். உடைந்த பெயருக்குச் சாத்தியமான வடிவங்களை எல்லாம் உண்டாக்கி அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒன்றே ஒன்று பொருந்தினால் அதை எழுதுங்கள். 'ராஜு'வா 'ராஜ்'ஆ என்பதுபோல இரண்டும் பொருந்தினால் மனிதர் பார்க்க வேண்டும், நிரல் முடிவு செய்யக் கூடாது.

பர்மியத்தில் 225, 128, 63 என்று வந்தால் ஐந்து சாத்தியம் இருக்கிறது. அதில் 'த' எழுத்தும் 'வ' எழுத்தும் உண்டு என்பதால் பெயர்களில் அடிக்கடி வரும். கொஞ்சம் கடினம்தான். ஆனால் பர்மிய எண்கள் 225, 129 என்று தொடங்குகின்றன. நடுவில் இருக்கும் 129 காலி இடம். எனவே 225, 63 என்று வந்தால் அந்த 63 நிச்சயம் 129-தான், வேறு எதுவும் அங்கே வர வழியில்லை. அடையாள அட்டை எண்களின் இலக்கங்களை இயந்திரமே முழுசாக மீட்டுத் தரும். 'ஒன்று' என்ற எண் மட்டும் 225, 129, 129 என்பதால் இரண்டு கேள்விக்குறியாக இருக்கும். எண் பத்தியில் அதை ஒன்று என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தட்டோன்_ஆசிரியை:

அடையாள அட்டை எண் என்றதால் ஒரு வார்த்தை. மீட்ட எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள் தம்பி. பர்மிய சைபரும் 'வ' எழுத்தும் பார்க்க ஒன்றுபோல் வட்டமாக இருக்கும். ஏழும் 'ர' எழுத்தும் அப்படியே. தட்டச்சு செய்கிறவர்கள் கைக்கு வந்ததை அடித்திருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. பள்ளியில் மாணவர் பட்டியல் வைக்கும்போது இதைத் தினமும் பார்க்கிறேன்.

எண்ணின் அமைப்பு உங்களுக்கே தெரியும்: மாநில எண், சாய்கோடு, ஊர்ச் சுருக்கெழுத்து, அடைப்புக்குள் குடியுரிமை வகை, அப்புறம் ஆறு இலக்கம். மாநில எண் 1 முதல் 14 வரைதான்: யாங்கோனுக்கு 12, மோனுக்கு 10, பகோவுக்கு 7. சாய்கோட்டுக்கு முன்னாலும் கடைசி ஆறு இடத்திலும் எழுத்து வரவே கூடாது. அங்கே 'வ' இருந்தால் சைபர், 'ர' இருந்தால் ஏழு. ஊர்ச் சுருக்கத்தில் மட்டும் இந்த விதியைப் போடாதீர்கள், அங்கே அவை உண்மையான எழுத்துகள்.

யாங்கோன்_பதிவேடு:

ஆசிரியை அம்மா, நீங்கள் சொன்ன பிறகு பார்த்தால், நல்ல வரிகள் என்று நான் ஒதுக்கி வைத்தவற்றிலும் 'வ' நிறைய இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவான வரிகள் இதனால்தான் ஒன்று சேராமல் இருந்திருக்கின்றன.

இனி பழைய போன், புது போன் விவகாரம். அது ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு என்பது வரை தெரியும். அதை எப்படித் தரவுத்தளத்தில் பிரிப்பது?

அனோயத்தா_தெரு:

இதுதான் இந்த இழையிலேயே கடினமான பகுதி என்று நினைக்கிறேன். மேலே பேசியதெல்லாம் பைட்டுப் பிழைகள். சர்வரே ஏதோ ஒரு இடத்தில் கத்தும். ஜோஜி கத்தாது. ஜோஜியில் எழுதிய பெயர் முறையான யுடிஎஃப்-8. யூனிகோடின் பர்மியத் தொகுதி எண்களையே பயன்படுத்துகிறது. ஆனால் எண்களுக்கு வேறு பொருள் வைத்திருக்கிறது. நம் சர்வரோ, போஸ்ட்கிரெஸ் போன்ற வேறு தரவுத்தளமோ, எதுவும் இதைக் கண்டுபிடிக்காது.

பர்மியத் தொகுதி 1999-இலேயே யூனிகோடு 3.0-இல் வந்துவிட்டது. 2008-இல் 5.1 வந்தபோதுதான் 'அசத்' என்ற குறியும் இடைநிலை மெய்க்குறிகளும் தனித்தனி எண் பெற்று இப்போதைய வடிவம் வந்தது. அதற்குள் ஜோஜி பரவத் தொடங்கிவிட்டது. அதில் 1039 என்ற எண் (இந்த எண்கள் பதினாறடிமானத்தில்) அசத், அதாவது நம் புள்ளி மாதிரி மெய்யாக்கும் குறி. யூனிகோடில் அதே 1039 ஒரு மெய்யின் அடியில் இன்னொரு மெய்யை அடுக்கும் குறி. அதனால்தான் புது போனில் எழுத்துகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

அடுத்தது வரிசை. எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் 'ஏ' ஒலிக்குறி 1031. ஜோஜியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி அது முதலில் வரும், மெய் பின்னால். யூனிகோடில் ஒலிக்கும் வரிசை: மெய் முதலில், குறி பின்னால். தமிழில் டிஸ்கி என்ற பழைய குறியாக்கத்தின் காலத்தில் கொம்பை முன்னால் வைத்தது போலவேதான். ஒரு சொல்லின் தொடக்கத்திலேயே 1031 இருந்தால் அது ஜோஜி என்று அநேகமாக உறுதி.

பிரிப்பதற்குக் கூகுள் வெளியிட்ட 'மியன்மார் டூல்ஸ்' என்ற திறமூல நூலகம் இருக்கிறது. ஒரு சரத்தைக் கொடுத்தால் அது ஜோஜியாக இருக்கும் வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண்ணாகத் தரும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், நம் ஊருக்கு அது முக்கியம். சிக்கல் என்னவென்றால் பெயர்கள் சின்னவை. 'மா', 'லா' மாதிரி இரண்டு முறையிலும் ஒரே மாதிரி எழுதும் அசைகள் மட்டும் இருந்தால் எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆபத்து நடுவில் இருப்பவற்றில்தான். பெயரை மட்டும் கொடுக்காமல் அதே வரியின் பர்மியப் பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றையும் ஒட்டிக் கொடுத்துப் பாருங்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒரே விசைப்பலகையில் அடித்த வரி அது. முகவரி நீளமாக இருப்பதால் விடை தெளிவாக வரும். வந்த விடையை முழு வரிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

விரைவுநிரல்:

இவ்வளவு எதுக்குண்ணே? நாடு யூனிகோடுக்கு மாறினது 2019 அக்டோபர் 1. அதுக்கு முன்னாடி பதிவான வரி எல்லாம் ஜோஜி, பின்னாடி வந்தது யூனிகோடு. தேதிப் பத்தி இருக்கு, ஒரு வரி நிரல் போதும்.

அனோயத்தா_தெரு:

தேதி ஒரு தடயம்தான் தம்பி, தீர்ப்பு இல்லை. 2019-க்கு முன்னாலும் மியன்மார்3 மாதிரி யூனிகோடு எழுத்துரு வைத்து அடித்தவர்கள் இருந்தார்கள். பின்னாலும் பழைய போனை மாற்றாமல் ஜோஜியிலேயே அடித்தவர்கள் இருந்தார்கள். அக்டோபர் 1 அன்று எல்லார் வீட்டுப் போனும் மாறிவிடவில்லை. யூனிகோடு வரியை ஜோஜி என்று நினைத்து மாற்றியில் போட்டால், சரியாக இருந்த பெயர் கெட்டுவிடும். அதையே மறுபடி எதிர்ப்பக்கம் மாற்றினாலும் எல்லா எழுத்தும் பழையபடி திரும்பாது. சந்தேக வரிகளைப் பிரிக்க மட்டும் தேதியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பைட்பார்வை:

அனோயத்தா ஐயா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். இதற்காகவே அட்டவணையில் இரண்டு பத்தி கூட்டச் சொல்கிறேன். ஒன்று பைனரி வகை: பழைய சர்வரிலிருந்து வந்த பைட்டுகள் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே. இன்னொன்று: இந்த வரிக்கு என்னென்ன செய்தோம் என்ற குறி. 'ஜோஜியிலிருந்து மாற்றியது', 'புள்ளி ஊகித்தது', '50-இல் வெட்டுப்பட்டது', 'தொடவில்லை' என்று. மாற்றும் நிரல் எப்போதும் மூலப் பைட்டிலிருந்தே தொடங்க வேண்டும், ஏற்கெனவே மாற்றிய பெயரிலிருந்து ஒருபோதும் தொடங்கக் கூடாது. அப்போதுதான் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வரும். இடம் போகுமே என்று கவலைப்படாதீர்கள். ஒரு சமூகத்தின் பெயர்கள் முழுவதும் ஒரு சின்ன பென் டிரைவுக்குள் அடங்கிவிடும்.

யாங்கோன்_பதிவேடு:

இரண்டு பத்திகளையும் சேர்த்துவிட்டேன். ஒட்டிப் பார்க்கும் யோசனை அருமையாக வேலை செய்கிறது ஐயா. பெயரை மட்டும் கொடுத்தபோது நடுவில் தொங்கியவற்றில் பெரும்பகுதி முகவரியைச் சேர்த்ததும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இன்னும் ஒரு கூட்டம் மிச்சம். தமிழ்ப் பத்தியில் சில வரிகள் வெறும் ஆங்கில எழுத்தாக, நடுநடுவே அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக இருக்கின்றன.

செட்டித்தெரு_பேரன்:

அது பாமினி எழுத்துருவில் அடித்தது. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிய எழுத்துரு. அதில் அரைப்புள்ளிதான் மெய்ப்புள்ளி, காற்புள்ளிதான் 'இ'. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அச்சடிக்கும் கணினியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இப்படித்தான் வரும்.

இந்த வரிகளைக் காற்புள்ளி பிரித்த கோப்பாக ஏற்றுமதி செய்யாதீர்கள். மேற்கோள் குறி சரியாக இல்லாவிட்டால் 'இ'யில் தொடங்கும் பெயர் எல்லாம் இரண்டு பத்தியாகப் பிளந்துவிடும். அரைப்புள்ளியால் பிரித்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் பிளக்கும். இன்னொன்று, பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் நிரல் எங்காவது ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். பாமினியில் சின்ன 'எம்' அகரம், பெரிய 'எம்' ஆகாரம். அப்படி ஒரு நிரல் ஓடியிருந்தால் அருணாசலம் எல்லாரும் ஆருணாசலம் ஆகியிருப்பார்கள். லத்தீன்1-இன் இயல்பான ஒப்பீட்டு விதியும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. அதனால் பழைய சர்வரில் தேடும்போது அகரமும் ஆகாரமும் ஒன்றாகவே வந்திருக்கும்.

மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அதே பத்தியில் உண்மையிலேயே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் இருக்கும், குறிப்பாக நம் கிறிஸ்தவக் குடும்பங்களில். அவற்றைப் பாமினி என்று நினைத்து மாற்றினால் பொருளில்லாத தமிழ்தான் வரும். சொல்லுக்கு உள்ளேயோ முடிவிலோ அரைப்புள்ளி இருப்பதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மோல்மேன்காரன்:

மாற்றி முடித்ததும் எல்லாத் தமிழ்ப் பெயரையும் யூனிகோடு என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவாருங்கள். ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். பார்க்க ஒன்று, பைட்டு வேறு. என்எஃப்சி அதைச் சரிசெய்யும். 'ஸ்ரீ' மட்டும் அதற்கும் அடங்காது. ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீநிவாசன், ஸ்ரீதேவி என்று நம் பதிவேட்டில் எத்தனை பேர்! ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். பர்மிய முகவரிகளில் கண்ணுக்குத் தெரியாத வெற்று இடைவெளி, எண் 200-பி, வரி மடிப்புக்காக நடுநடுவே கிடக்கும். தேடும் பத்தியிலிருந்து அதையும் எடுத்துவிடுங்கள்.

பைட்பார்வை:

புது சர்வரில் பிஎச்பி பக்கத்தைத் திறக்கும் முன் இணைப்பின் குறியாக்கத்தை யுடிஎஃப்8எம்பி4 என்று அறிவித்தே ஆக வேண்டும். அது பழைய மாதிரி லத்தீன்1 என்று பேசினால், சுத்தம் செய்த அட்டவணைக்குள் மறுநாளே இரட்டைக் குறியாக்கம் நுழையும். ஒரு புதுப் பெயரைப் பக்கம் வழியாகப் பதிந்து, உடனே ஹெக்ஸில் பாருங்கள். மூன்று பைட்டாக இருக்கிறதா, அவ்வளவுதான் சோதனை. பெயர்ப் பத்தியில் வேகமாகத் தேடுவதற்கான இன்டெக்ஸ் வைத்திருந்தால், பழைய வரிசை வடிவத்தில் 767 பைட்டு எல்லை தடுக்கும்; டைனமிக் வரிசை வடிவத்தில் 3072 வரை போகலாம்.

சரிபார்க்கப் பட்டியலை யாருக்காவது அனுப்பினால், எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமித்துத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டு இல்லாவிட்டால் அது யுடிஎஃப்-8 என்று எக்செல்லுக்குத் தெரியாது. அந்தச் சேமிப்பிலேயே எல்லாம் போய்விடும்.

தட்டோன்_ஆசிரியை:

கோப்பே அனுப்பாதீர்கள் தம்பி. அச்சடித்துக் கொடுங்கள். தமிழ்ப் பெயரும் பர்மியப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் பர்மியத்தைப் பார்ப்பார்கள், பாட்டிகள் தமிழைப் பார்ப்பார்கள். தட்டோன் பக்கத்துக் குடும்பங்களின் தாளை எனக்கு அனுப்புங்கள், வீடு வீடாகக் காட்டி வாங்கித் தருகிறேன்.

யாங்கோன்_பதிவேடு:

அப்படியே செய்கிறோம் அம்மா. 'தொடவில்லை' தவிர வேறு எந்தக் குறி உள்ள வரியும் தாளில் வரும். முழுக் கேள்விக்குறி வரிகளுக்குப் பெயர் இடத்தைக் காலியாக விட்டு, அடையாள அட்டை எண்ணும் முகவரியும் மட்டும் அச்சடிக்கிறோம். அந்த எண்ணை வைத்துக் குடும்பத்தார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். பகோ பட்டியல் தயாராகிவிட்டது. மோல்மேன்காரர் அண்ணே, உங்கள் ஊர்த் தாளை யார் பெயருக்கு அனுப்புவது என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.